கராத்தேயா ஜூடோவா என்பதற்கு முன்னால்: நான்கு வகைப் பள்ளிகள், ஓர் ஒப்பீடு

தற்காப்புக் கலை வகுப்பில் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் கலையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கராத்தேயா, டேக்வாண்டோவா? ஜூடோ நல்லதா, குத்துச்சண்டை நல்லதா? என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ஒரே கலையைச் சொல்லித்தரும் இரண்டு பள்ளிகளில், ஒன்றில் மூன்று வருடம் படித்தவர் யாராவது பலமாகத் தள்ளினால் தடுமாறி விழுவார். இன்னொன்றில் ஆறு மாதம் படித்தவர் கால் ஊன்றி நிற்பார். பள்ளி எப்படிப்பட்டது என்பதுதான் அந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

பள்ளி பணம் பண்ணுகிறது என்பதை மட்டும் வைத்து அதை ஒதுக்கவும் வேண்டாம். வாடகை, மேட், காப்பீடு எல்லாவற்றுக்கும் யாராவது பணம் கட்டித்தான் ஆகவேண்டும். கட்டணத்தைப் பலகையில் எழுதிவைத்து ஒழுங்காகச் சொல்லித்தரும் வணிகப் பள்ளிகள் இருக்கின்றன. காசே வாங்காமல் பத்து வருடத்தை வீணடிக்கும் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். அதனால் "வணிகமா, தூய்மையா" என்று பிரிப்பதை விட்டுவிட்டு, கீழே உள்ள ஆறு அளவுகோல்களை எடுத்துக்கொள்ளலாம்.

## அளவுகோல்கள்

எதிர்ப்பு. வகுப்பில் யாராவது நிஜமாக எதிர்க்கிறார்களா? ஆறில் இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

தற்காப்பு என்று மேடையில் செய்துகாட்டுவதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தாக்குபவர் வலது கையை நீட்டிக் குத்துகிறார். குத்திய கை அப்படியே காற்றில் நிற்கிறது. மாஸ்டர் அதைத் தட்டிவிட்டு, விலாவில் ஒன்று, கழுத்தில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று என்று நிதானமாக வைக்கிறார். அவ்வளவு நேரமும் தாக்கியவரின் இடது கைக்கு வேலையே இல்லை, தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நிஜத்தில் குத்துகிறவர் கையை உடனே இழுத்துக்கொண்டு அடுத்ததைப் போடுவார். அசைவைப் பழக ஆரம்பத்தில் இப்படி மெதுவாகச் செய்துதான் ஆகவேண்டும், அதில் தப்பில்லை. ஒரு வருடம் கழித்தும் அதே நீட்டிய கைதான் என்றால், அங்கே நடப்பது நாடக ஒத்திகை.

எதிர்ப்பு என்றால் மூக்கை உடைத்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. ஜூடோவின் ரண்டோரியில் இருவரும் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்ப்பார்கள், வீழ்த்தவிடாமலும் பார்ப்பார்கள். அது போதும்.

இது இல்லாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யானகி ரியூகென் நல்ல உதாரணம். தொடாமலேயே ஆட்களைச் சாய்ப்பதாகச் சொன்ன ஜப்பானிய மாஸ்டர் அவர். கையை அசைத்தால் அவருடைய மாணவர்கள் கும்பலாக விழுவார்கள். 2006ல் ஒரு கலப்புச் சண்டை வீரரோடு மோத ஒப்புக்கொண்டார். அந்த வீரர் விழவில்லை. மாஸ்டர்தான் முகத்தில் அடி வாங்கினார். வெறும் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் அவர் அந்தப் போட்டிக்கே வந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. எதிர்க்கிற ஆளே இல்லாத கூடத்தில் மாணவர்கள் மாஸ்டரை நம்பினார்கள், அதைப் பார்த்து மாஸ்டரும் தன்னை நம்பிவிட்டார்.

பெல்ட் எதற்குக் கிடைக்கிறது. ஜூடோவை உருவாக்கி 1882ல் அதற்கான கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, அடுத்த ஆண்டே இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் (இன்றைய பிளாக் பெல்ட் தரத்தின் முதல் படி) கொடுத்தார். 1924ல் கராத்தே மாஸ்டர் ஃபுனாகோஷி அதே முறையைக் கராத்தேக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் பார்க்கும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை வரிசை பரவியதில் 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷிக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்திலேயே அடுத்த இலக்கு ஒன்று தெரிந்தால் மாணவர் நின்றுவிடாமல் வருவார். நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு நிறமும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வும் ஒரு கட்டணம் என்று ஆனதும், நிறங்களுக்கு நடுவே கோடுகளும் கோடுகளுக்கு நடுவே ஒட்டுத்துணிகளும் முளைத்தன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன தேர்வில் எத்தனை பேர் தேறவில்லை?

முழுச் செலவு. மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சேர்க்கைக் கட்டணம், முத்திரை போட்ட உடுப்பு, பள்ளியிலேயே வாங்கியாக வேண்டிய கவசம், கிரேடிங் (பெல்ட் தேர்வு) கட்டணம், சங்க உறுப்பினர் சந்தா, கருத்தரங்கு, முகாம் எல்லாம் தனித்தனியாக வரும். "முதல் வருடம் மொத்தம் எவ்வளவு? பிளாக் பெல்ட் வரை எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

பாதுகாப்பு. தரக்குறைவு என்றதும் மதிப்பில்லாத பெல்ட்தான் நினைவுக்கு வரும். அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. ஜப்பானியப் பள்ளிகளில் 1983க்குப் பிறகான சுமார் முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோ பயிற்சியால் இறந்தார்கள். பலருக்குத் தலையில் காயம். விழும் முறையைச் சரியாகப் பழகாத புது மாணவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இவை லாபத்துக்கு நடந்த வகுப்புகள் அல்ல, கலை பிறந்த நாட்டின் பள்ளிக்கூடங்கள். அதனால் தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள், எத்தனை நாள் ஓய்வு என்று கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பார்க்கக் கூடாது என்றால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை.

தகுதியைச் சரிபார்த்தல். பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் கட்டணம் வாங்கிக் கற்பிக்க அரசு அங்கீகரித்த தகுதிச் சான்று வேண்டும். பல நாடுகளில் அப்படி எதுவும் தேவையில்லை, இடமும் பலகையும் போதும். டேக்வாண்டோவில் 1972ல் தொடங்கிய தலைமையகமான குக்கிவோன் தரும் டான் சான்றை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஜூடோவில் தேசியச் சம்மேளனம் இருக்கும். கராத்தேயில் எல்லோருக்கும் பொதுவான சான்று கிடையாது. சங்கங்கள் ஏராளம், நாளைக்கே இன்னொன்று தொடங்கலாம்.

வெளியேறும் வழி. நிறுத்த வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, மீதிப் பணம் திரும்புமா? இரண்டே கேள்விதான். ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

## 1. கிளை பரப்பிய பெரிய பள்ளி

"மெக்டோஜோ" (மெக்டொனால்ட்ஸ் கடை மாதிரியான டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம்) என்று கேலி செய்யப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். கேலியில் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். மேட் சுத்தமாக இருக்கும். வயதுவாரியாக வகுப்பு இருக்கும். ஒருவர் வராவிட்டால் இன்னொரு பயிற்சியாளர் வருவார். விதிகள் எழுத்தில் இருக்கும், புகார் சொல்ல மேலே ஒருவர் இருப்பார். நாலு, ஐந்து வயதுக் குழந்தையைக் கையாளத் தெரிந்தவர்கள் இங்கேதான் அதிகம் கிடைப்பார்கள்.

எதிர்ப்பு என்ற அளவுகோலில் இந்த வகை சறுக்குகிறது. அடிபட்டால் மாணவர் நின்றுவிடுவார் என்ற பயத்தில் ஸ்பாரிங்கை (இருவர் மோதிப் பழகும் பயிற்சிச் சண்டையை) தொட்டும் தொடாமலும் முடித்துவிடுவார்கள். அப்புறம் பெல்ட். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங், சேர்ந்த எல்லோருக்கும் தேர்ச்சி.

பலகை உடைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பைன் பலகையை, மரத்தின் ரேகை உடைக்கும் கோட்டோடு ஒத்துப்போகும்படி பிடிக்கிறார்கள். ரேகை வழியே மரம் சுலபமாகப் பிளக்கும். அதையே குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் பெரியவருக்கும் கை வலிக்கும். பிடித்திருப்பவர் கையை விறைப்பாக வைத்திருக்கிறார், சிறுவன் உதைக்கிறான், பலகை இரண்டாகிறது, கைத்தட்டல். குழந்தைக்குத் தன்னம்பிக்கை வருகிறது என்றால் வரட்டும், சந்தோஷம். பலகை திருப்பி அடிக்காது என்பதையும் யாராவது அவனுக்குச் சொன்னால் சரி.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். ஒரு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தம். நீங்கள் சொல்லாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். "பிளாக் பெல்ட் கிளப்", "லீடர்ஷிப்" என்ற பெயர்களில் மேல்தொகுப்புகள் வரும். லீடர்ஷிப்பில் சேர்ந்த பதினாறு வயதுப் பையன் சிறுவர் வகுப்புக்குப் பாடம் நடத்துவான். பள்ளிக்குச் சம்பளமில்லாத உதவியாளர் கிடைத்தார். அவனுடைய பெற்றோர் அதற்குக் கூடுதல் கட்டணமும் கட்டியிருப்பார்கள்.

இன்னொரு அடையாளம், பெரியவர்களுக்குரிய பிளாக் பெல்ட்டை இடுப்பில் கட்டிய எட்டு வயதுக் குழந்தை. குக்கிவோன் 15 வயதுக்குக் கீழே டான் கொடுப்பதில்லை, பூம் என்ற தனித் தரம்தான். தரையில் மல்லுக்கட்டும் கலையான பிரேசிலிய ஜியூ ஜிட்சுவின் பெரிய சம்மேளனம் பிளாக் பெல்ட்டுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 19.

இது யாருக்குச் சரி: சிறு குழந்தைகளுக்கு, கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு, வாரம் இரண்டு நாள் குறித்த நேரத்தில் உடம்பு அசைந்தால் போதும் என்பவர்களுக்கு. சண்டையைச் சமாளிக்கும் திறன்தான் வேண்டும் என்றால் இங்கே தேடாதீர்கள்.

## 2. ஒற்றை மாஸ்டரின் சிறு பள்ளி

விளம்பரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. கட்டணம் குறைவு. அவர் நல்லவராக அமைந்துவிட்டால் இதைவிட ஆழமான பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. உங்கள் பின்னங்கால் ஒரு அங்குலம் வெளியே போவதை இருபதாவது முறையும் பொறுமையாகத் திருத்துவார். பெல்ட்டுக்கு வருடக்கணக்கில் காக்கவைப்பார், காரணத்தையும் சொல்வார்.

அவர் நல்லவராக அமையாவிட்டால் அதைக் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகும் என்பதுதான் இங்கே ஆபத்து. அவருக்கு மேலே யாரும் கிடையாது. அவர் சொல்வதே பாடம், அவர் கொடுப்பதே சான்று. குருவை விட்டுப் பிரிந்து சொந்தமாக ஒரு பாணியைத் தொடங்கி, தனக்குத் தானே பத்தாவது டான் போட்டுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சொந்தப் பாணி தொடங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. கானோவும் அதைத்தான் செய்தார். ஆனால் அவருடைய மாணவர்கள் வெளியே போய் மற்றப் பள்ளிக்காரர்களோடு மோதிக் காட்டினார்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் பணமாக வராது. வேறு இடத்தில் பயிற்சி எடுத்தால் துரோகம். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு. கூடம் பெருக்குவதிலிருந்து மாஸ்டரின் சொந்த வேலைவரை எல்லாம் பயிற்சியின் ஒரு பகுதி. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வகுப்பே நின்றுவிடும், உங்கள் பெல்ட்டை வேறு யாரும் ஏற்கவும் மாட்டார்கள்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. மாஸ்டரை விட்டுவிட்டு அவருடைய பழைய மாணவர்களைப் பாருங்கள். ஐந்து, பத்து வருடமாக இருப்பவர்கள் உண்டா? அவர்கள் புது ஆட்களோடு எப்படிப் பழகுகிறார்கள்? வெளிப் பள்ளிகளுக்குப் போய்ப் பயிற்சி செய்ததுண்டா? "எங்கள் முறை அபாயமானது, ஸ்பாரிங்கில் காட்டவே முடியாது" என்று ஒருவர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இது யாருக்குச் சரி: கலையைக் கலைக்காகவே பயில விரும்பும் பெரியவர்களுக்கு, அவசரம் இல்லாதவர்களுக்கு. குழந்தையைச் சேர்ப்பதாக இருந்தால் வகுப்பு முழுக்கப் பெற்றோர் உடனிருக்க முடிந்தால் மட்டும்.

## 3. போட்டியை நோக்கிய கிளப்

குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம், ஜியூ ஜிட்சு, தாய்லாந்துக் குத்துச்சண்டை. இங்கே பொய் சொல்வது கஷ்டம். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது வாரத்துக்குப் பல முறை மேட்டிலேயே தெரிந்துவிடும். குத்துச்சண்டையில் நிறம் நிறமாகத் தர பெல்ட் கிடையாது, விற்பதற்கும் ஒன்றுமில்லை. பல கலைக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் யுஎஃப்சியின் முதல் போட்டி 1993ல் அமெரிக்காவின் டென்வரில் நடந்தபோது, தன்னைவிடக் கனமானவர்களை ஜியூ ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி தரையில் கட்டிப்போட்டு ஜெயித்தார். அதற்கப்புறம் "உங்கள் முறை எதிர்க்கிற ஆளிடம் வேலை செய்யுமா?" என்ற கேள்வி எல்லாப் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது.

ஆனாலும் இந்த வகையைக் கோயிலாக்க வேண்டாம். போட்டி விதி எதை அனுமதிக்கிறதோ அதை நோக்கித்தான் பயிற்சி சாயும். ஒலிம்பிக் பாணி டேக்வாண்டோவில் முகத்தில் குத்த முடியாது, அதனால் பலர் கையைத் தாழ்த்தியே நிற்பார்கள். ஜூடோ போட்டிகளில் 2010 முதல் காலைப் பிடிப்பது படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது, காலைப் பிடித்து வருகிறவரைச் சமாளிப்பதும் பல கிளப்களில் மறந்துபோனது.

செலவு என்றால் காயம்தான் முதல் செலவு. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவது சின்ன விஷயமில்லை. வாராவாரம் முழு பலத்தில் ஸ்பாரிங் வைக்கும் பயிற்சியாளரை வீரம் என்று நினைத்துப் பாராட்டாதீர்கள். தரைப் பயிற்சியில் தோல் தொற்றும் காது வீக்கமும் சகஜம். எடைப் பிரிவுக்காகச் சிறுவர்களைப் பட்டினி போட்டு, தண்ணீர் குடிக்கவிடாமல் எடை குறைக்கச் சொல்லும் கிளப்பிலிருந்து அன்றே வெளியேறுங்கள். பதக்கம் வாங்கும் நாலு பேரைச் சுற்றியே பயிற்சியாளர் நிற்பார், புதியவர்கள் அந்த நாலு பேருக்கு அடி வாங்கும் பொம்மைகளாகிவிடுவதும் உண்டு. வணிகமும் இங்கே வந்தாயிற்று. தங்கள் முத்திரை போட்ட உடுப்பைத்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் பெல்ட் ஏற்றத்துக்குக் கட்டணமும் சில ஜியூ ஜிட்சு கூடங்களில் வந்துவிட்டன.

இது யாருக்குச் சரி: நிஜத் திறன் வேண்டும், அவ்வப்போது தோற்பதில் வெட்கமில்லை என்பவர்களுக்கு. நாற்பதைத் தாண்டித் தொடங்குகிறவர்களுக்கும் சரிதான், பொழுதுபோக்காக வருபவர்களுக்குத் தனி வகுப்பு இருந்தால்.

## 4. பொதுக்கூட வகுப்பும் குறுகிய பயிற்சியும்

பள்ளிக்கூடத்திலோ பொது மன்றத்திலோ மாலையில் நடக்கும் வகுப்புகள் மலிவானவை, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருப்பார், நேரம் குறைவு, பெரிய முன்னேற்றம் இருக்காது. உங்களுக்கு இது பிடிக்கிறதா என்று பார்க்க நல்ல இடம், அவ்வளவுதான்.

குறுகிய தற்காப்புப் பயிற்சி வேறு கதை. இரண்டு மணி நேரத்தில் பத்து அடிமுறை சொல்லித்தருகிறவை பெரும்பாலும் வீண். ஆனால் 2015ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த ஓராண்டில் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். அந்தப் பயிற்சியில் உதையும் குத்தும் ஒரு பகுதி மட்டுமே. தெரிந்த ஆளிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, தயக்கத்தை உடைத்து எப்படி உரக்க மறுப்பது என்பதற்கே அதிக நேரம் ஒதுக்கினார்கள். பெண்கள் தற்காப்புக்காக மட்டும் தேடுவதாக இருந்தால், மூன்று வருடப் பெல்ட் பயணத்தைவிட இப்படிப்பட்ட ஒன்று கிடைக்குமா என்று முதலில் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பெரிய பள்ளி | ஒற்றை மாஸ்டர் | போட்டி கிளப் | பொதுக்கூட வகுப்பு |
|---|---|---|---|---|
| எதிர்ப்பு | குறைவு | ஆளைப் பொறுத்தது | அதிகம் | மிகக் குறைவு |
| பெல்ட் மதிப்பு | பெரும்பாலும் வருகைக்குப் பரிசு | உள்ளே மட்டும் செல்லும் | போட்டியில் தெரிந்துவிடும் | பொருட்டில்லை |
| மறைசெலவு | கிரேடிங், ஒப்பந்தம், தொகுப்புகள் | நேரம், விசுவாசம் | காயம், பயணம், போட்டிக் கட்டணம் | ஏறக்குறைய இல்லை |
| பாதுகாப்பு | விதிகள் எழுத்தில் | கண்காணிக்க ஆளில்லை | அடி அதிகம், பயிற்சியாளரைப் பொறுத்தது | ஆபத்து குறைவு |
| தகுதிச் சரிபார்ப்பு | சுலபம் | கடினம் | சம்மேளனம், போட்டி முடிவுகள் | நடத்தும் மன்றத்திடம் கேட்கலாம் |
| வெளியேறுதல் | கடினம் | மனதளவில் கடினம் | சுலபம் | மிகச் சுலபம் |

இரண்டு இடங்களுக்குள் இழுபறி என்றால், இரண்டிலும் ஒரு சாதாரண நாள் வகுப்பைப் போய்ப் பாருங்கள். திறப்பு விழா, செய்முறை விளக்க நாள் எல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எத்தனை நிமிடம் இன்னொரு ஆளோடு பயிற்சி செய்கிறார்கள், எத்தனை நிமிடம் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணினாலே போதும். "இன்றே சேர்ந்தால் தள்ளுபடி" என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். நாளைக்கும் அந்தத் தள்ளுபடி இருக்கும்.

ஏற்கெனவே பெரிய பள்ளியில் சேர்ந்து ஒப்பந்தத்தின் பாதியில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். குழந்தைக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், சந்தோஷமாகப் போய் வருகிறது என்றால் பிடுங்கி எடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, நிறுத்தும் கடிதத்தை அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். மீதி மாதங்களுக்கு, "கிரேடிங் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும்" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பள்ளி சரி என்று சொல்லிவிட்டு வகுப்பைத் தொடரும். பெல்ட் இல்லாமல் வகுப்பு கிடையாது என்று பதில் வந்தால், அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள்.